எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது? சுற்றுச்சூழல் அறிவியலில் மாணவர்கள் கற்க வேண்டியது

சுற்றுச்சூழல் அறிவியலை ஓராண்டு படித்து முடித்த மாணவர்களிடம் "என்ன கற்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மரம் நட வேண்டும், பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பதில் வரும். மூன்றும் நல்ல அறிவுரைகள்தான். ஆனால் அவற்றைச் சொல்ல ஓராண்டுப் படிப்பு தேவையில்லை. ஒரு சுவரொட்டி போதும். மருத்துவம் படித்துவிட்டு வந்த ஒருவர் "கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்? கழுவினால் எது குறைகிறது, எந்த நோய்க்கு அது மட்டும் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்தப் பாடத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனாலேயே அது அறிவுரைத் தொகுப்பாகச் சுருங்கிப்போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. முழக்கத்தை மனப்பாடம் செய்த மாணவர், யாராவது எதிர் முழக்கம் ஒன்றைச் சொன்னால் திணறிப்போவார். கணக்குப் போடக் கற்றவர் அப்படித் திணற மாட்டார். இந்தப் பாடத்தின் உயிர்நாடியான அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை. கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

## ஒரு பெயர்க் குழப்பம்

சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் பலர் எழுதுகிறார்கள். உயிரினங்கள் ஒன்றோடொன்றும் தம் சூழலோடும் கொள்ளும் உறவை ஆராயும் உயிரியல் பிரிவுதான் சூழலியல். 1866இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதற்குப் பெயர் சூட்டினார். சுற்றுச்சூழல் அறிவியல் இதைவிட அகலமானது. காற்று, நீர், மண், உயிர்கள், மனிதச் செயல்கள் எல்லாம் சேர்ந்து எப்படி இயங்குகின்றன என்று பார்க்க, வேதியியல், இயற்பியல், புவியியல், உயிரியல் எல்லாவற்றையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்பது செயல். அந்தச் செயலுக்கு வேண்டிய அறிவைத் தருவது அறிவியல். முதலில் செயலை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற அறிவியலைத் தேடுவது தலைகீழ்ப் பாடம்.

## எரிந்த மெழுகு எங்கே போயிற்று?

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டி ஒன்றைச் சுடரில் படாமல், அதற்குச் சற்று மேலே ஒரு நொடி காட்டுங்கள். கரண்டியின் முதுகில் பனி படர்ந்தாற்போல மெல்லிய மங்கல் தோன்றும். கரண்டி சூடேறியதும் மறைந்துவிடும். அந்த மங்கல் தண்ணீர். நெருப்பிலிருந்து தண்ணீர் வருவதை முதன்முதலில் பார்க்கும் மாணவர்கள் நம்ப மறுத்து, மறுபடியும் செய்து பார்ப்பார்கள்.

மெழுகில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும். எரியும்போது இரண்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. ஹைட்ரஜன் நீராவியாகிறது, கார்பன் கரியமில வாயுவாகிறது. மெழுகு "தீர்ந்துபோனது" என்கிறோம். உண்மையில் அது உருமாறி அறைக்குள் பரவியிருக்கிறது. அணு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இதற்குப் பொருண்மை அழியாமை விதி என்று பெயர். பொருளின் உருவம் மாறலாம், இடம் மாறலாம், மொத்த எடை மாறாது.

இதைக் கேட்டதும் தலையாட்டிவிடுவது எளிது. ஒரு சோதனைக் கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடை எவ்வளவு? முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். விடை சுமார் 2.3 கிலோ. பெட்ரோலிலிருந்து வரும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கார்பன் 12 பங்கு எடை என்றால் கரியமில வாயு 44 பங்கு. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத புகைக்கு எடை இருக்கிறது என்பதும், அது எரிபொருளின் எடையைவிட மூன்று மடங்கு என்பதும் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், "வெறும் புகைதானே" என்ற பேச்சு வாயில் வராது.

இதன் மறுபக்கம்தான் மரம். 17ஆம் நூற்றாண்டில் யான் வான் ஹெல்மாண்ட் என்பவர் செய்த சோதனை ஒன்று உண்டு. சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை எடைபோட்டு ஒரு தொட்டியில் நிரப்பி, இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 77 கிலோவாக வளர்ந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி எடைபோட்டால், குறைந்திருந்தது 60 கிராமுக்கும் கீழே! மண்ணைத் தின்று மரம் வளர்கிறது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. ஆனால் அவர், மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவு செய்தார். தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஆனால் காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். அது காற்றிலிருந்த கரியமில வாயுவிலிருந்து இலைகள் வழியே வந்தது. 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே ஹெல்மாண்ட்தான். அவருக்கே தன் மரத்துக்குள் போன வாயு தென்படவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் சேர்ப்பது அவ்வளவு கடினம். இந்தப் பாடம் மாணவருக்குத் தர வேண்டிய முதல் பயிற்சியும் அதுதான்.

சுருக்கமாக: பொருள் மறைவதில்லை, இடம்பெயர்கிறது. "தூக்கி எறிந்துவிட்டோம்" என்று சொல்லும்போதெல்லாம் "எங்கே?" என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

## தொட்டியும் குழாயும்

இப்போது மையக் கருத்துக்கு வருகிறோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே குழாய், கீழே வடிகால். குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது. வடிகாலில் 5 லிட்டர் போகிறது. தொட்டி நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் நிரம்புகிறது. இப்போது குழாயைச் சற்றுத் திருகி 9 லிட்டராகக் குறைக்கிறோம். நீர்மட்டம் இறங்குமா? இறங்காது. நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரவு, செலவுக்குச் சமமாகும்வரை மட்டம் ஏறும். வரவு, செலவைவிடக் குறைந்தால்தான் இறங்கும்.

தொட்டியில் உள்ள நீருக்கு இருப்பு என்று பெயர் வைப்போம். குழாயிலும் வடிகாலிலும் நகர்வது ஓட்டம். இருப்பையும் ஓட்டத்தையும் குழப்பிக்கொள்வதால்தான் சுற்றுச்சூழல் பற்றிய தவறான பேச்சில் பெரும்பகுதி பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

காற்று மண்டலத்தில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 அந்த வாயுவாக இருந்தன. 1958இல் ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் சார்லஸ் டேவிட் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இது இருப்பு. மனிதச் செயல்களால் ஆண்டுதோறும் சுமார் 4,000 கோடி டன் கரியமில வாயு வெளியாகிறது. இது குழாய். அதில் ஏறக்குறையப் பாதியைக் கடல்களும் தாவரங்களும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. இது வடிகால். மிச்சம் காற்றில் சேர்கிறது.

கீலிங் வரைந்த கோட்டை மாணவர்கள் ஒருமுறையாவது கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். நேராக ஏறும் கோடு அல்ல அது; ஆண்டுதோறும் ஒரு சிறு மேடு, ஒரு சிறு பள்ளம். வட அரைக்கோளத்தில்தான் நிலப்பரப்பும் காடும் அதிகம். அங்கே கோடையில் இலைகள் தழைக்கும்போது காற்றிலிருந்து வாயு இழுக்கப்பட்டுக் கோடு சரிகிறது. இலையுதிர்ந்து மக்கும்போது மீண்டும் ஏறுகிறது. பூமி மூச்சுவிடுவதைத் தாளில் பார்ப்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு மூச்சும் முந்தைய மூச்சைவிடச் சற்று உயரத்தில் முடிகிறது.

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெருந்தொற்றால் உலகமே முடங்கியது. எரிபொருள்களிலிருந்து வரும் கரியமில வாயு சுமார் 5 சதவீதம் குறைந்தது. "இனி காற்று சரியாகிவிடும்" என்று பலர் எழுதினார்கள். சில நாட்களில் கலைந்துவிடும் தூசும் புகையும் குறைந்து, வானம் தெளிந்தது உண்மை. ஆனால் காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவு அந்த ஆண்டும் ஏறியது. தொட்டியைப் புரிந்துகொண்டவருக்கு இதில் வியப்பே இல்லை. குழாய் சற்றுத் திருகப்பட்டது. வடிகாலைவிட வரவு அப்போதும் மிக அதிகம். புரியாதவரோ, "இவ்வளவு அடைத்தும் குறையவில்லையே, அப்படியானால் மனிதன் காரணமில்லை போலும்" என்ற நேர் எதிர் முடிவுக்குப் போய்விடுகிறார். அப்படி எழுதியவர்களும் உண்டு.

"நிகர சுழியம்" என்ற சொல் செய்திகளில் அடிக்கடி வருகிறதே, அதுவும் தொட்டிக் கணக்குதான். மனிதர்கள் சேர்க்கும் அளவும் மனிதர்கள் முயன்று அகற்றும் அளவும் சமமாகும் நிலை அது.

இதையே இன்னொரு கேள்வியில் சோதிக்கலாம். நாம் விடும் மூச்சிலும் கரியமில வாயு இருக்கிறதே, எண்ணூறு கோடி மக்கள் மூச்சு விடுவதால் காற்றில் அது கூடாதா? கூடாது. நம் மூச்சில் வரும் கார்பன், நாம் உண்ட உணவிலிருந்து வந்தது. அந்த உணவை விளைவித்த செடி, சில மாதங்களுக்கு முன்போ சில ஆண்டுகளுக்கு முன்போ அதைக் காற்றிலிருந்துதான் எடுத்தது. ஒரே தொட்டிக்குள் சுற்றிவரும் நீர் அது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகளாக மூடிக் கிடந்த வேறொரு தொட்டி. அதைத் தோண்டி இந்தத் தொட்டியில் ஊற்றுகிறோம்.

அமேசான் காடு "உலகின் நுரையீரல்", நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்ற செய்தியும் இதே பிழைதான். முதிர்ந்த காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும், அந்த மரங்களின் சுவாசமும் உதிர்ந்த இலைகளை மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் பயன்படுத்திவிடுகின்றன. வரவும் செலவும் சமம். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது; மிகப் பெரிய இருப்பு அது. அப்படியானால் அமேசான் அழிந்தால் பரவாயில்லையா? அழிந்தால் பெருங்கேடுதான், ஆனால் காரணங்கள் வேறு. மரங்களிலும் மண்ணிலும் பூட்டிக் கிடக்கும் கார்பன் காற்றில் கலக்கும். காடு ஆவியாக்கி அனுப்பும் ஈரத்தை நம்பியிருக்கும் மழை குறையும். வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் அழியும். சரியான முடிவுக்குத் தவறான காரணம் சொன்னால், அந்தக் காரணம் உடைபடும் நாளில் முடிவும் சேர்ந்து விழும். அதனால்தான் காரணத்தில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன்.

## எவ்வளவு நாள் தங்கும்?

ஒரு விடுதிக்கு நாள்தோறும் 10 பேர் புதிதாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் ஒருநாள் தங்கிப் புறப்பட்டால், எப்போது எண்ணினாலும் உள்ளே 10 பேர்தான் இருப்பார்கள். ஒவ்வொருவரும் 30 நாள் தங்கினால், முதல் மாதத்துக்குப் பிறகு எப்போதும் 300 பேர். வருபவர் எண்ணிக்கை மாறவில்லை. தங்கும் நாள்தான் மாறியது.

ஒரு பொருள் ஓரிடத்தில் சராசரியாக எவ்வளவு காலம் இருக்கிறதோ, அதுதான் அதன் தங்கும் காலம். காற்றில் நீராவி ஏறத்தாழ 9 நாள் தங்கி மழையாகிவிடுகிறது. மீத்தேன் சுமார் 12 ஆண்டுகள். கரியமில வாயுவின் கதை சிக்கலானது. ஒரு பகுதியைக் கடலும் தாவரங்களும் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். இன்னொரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே இருக்கும். எந்த மாசை முதலில் கட்டுப்படுத்துவது, கட்டுப்படுத்தினால் பலன் எப்போது தெரியும் என்பதையெல்லாம் இந்த ஒரு எண்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரு வேதிப்பொருளின் பெயரைக் கேட்டதும் "நல்லதா, கெட்டதா?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டு, "எவ்வளவு? எங்கே? எவ்வளவு காலம்?" என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு வர வேண்டும்.

## கலந்தால் கரைந்துவிடுமா?

"பெரிய ஏரி, கொஞ்சம் மருந்து. என்ன ஆகிவிடும்?" இந்த வாதத்துக்குப் பதில் கலிஃபோர்னியாவின் கிளியர் ஏரியில் கிடைத்தது. ஏரியைச் சுற்றிக் கொசு போன்ற சிறு பூச்சிகள் மொய்த்தன. அவை கடிப்பவையும் அல்ல; மீன்பிடிக்க வருவோருக்குத் தொல்லை, அவ்வளவுதான். அவற்றை ஒழிக்க 1949இல் டி.டி.டி. (DDD) என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்தார்கள். பலரும் கேள்விப்பட்டிருக்கும் டி.டி.டி. (DDT) மருந்துக்கு நெருங்கிய உறவு இது. பூச்சிகள் திரும்பி வரவே 1954இல் மீண்டும், இந்த முறை 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. அந்தக் குளிர்காலத்தில் மேற்கத்திய முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவைகள் செத்து மிதக்கத் தொடங்கின. நூற்றுக்கும் மேல். தொற்றுநோய் எதுவும் இல்லை. 1957இல் மூன்றாம் முறை கலந்த பிறகு செத்த பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து லட்சத்தில் 1,600 பங்கு பூச்சிக்கொல்லி இருந்தது. ஏரியில் கலந்ததோ பத்து லட்சத்தில் 0.02 பங்கு. எண்பதாயிரம் மடங்கு!

எப்படி? இந்த வேதிப்பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும், எளிதில் சிதையாது, உடலைவிட்டு எளிதில் வெளியேறவும் செய்யாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகள் அதை உடலில் சேர்த்தன. சிறு மீன் அவற்றை ஆயிரக்கணக்கில் தின்றது. பெரிய மீன் அந்தச் சிறு மீன்களைத் தின்றது. கடைசியில் பறவை. ஒவ்வொரு படியிலும் உணவு செரித்துச் செலவாகிவிட, நஞ்சு மட்டும் தங்கிக் குவிந்தது. உணவுச் சங்கிலியில் மேலே போகப்போக இப்படி அடர்த்தி பெருகுவதற்கு உயிரியல் உருப்பெருக்கம் என்று பெயர்.

இதில் என்னை மிகவும் உலுக்குவது வேறொரு செய்தி. கடைசியாக மருந்து கலந்து சிறிது காலத்திலேயே ஏரித் தண்ணீரில் அதன் சுவடுகூடத் தென்படவில்லை. தண்ணீரை மட்டும் சோதித்த ஒருவர், "ஏரி தூய்மையாக இருக்கிறது" என்று நேர்மையாகவே சான்று எழுதியிருப்பார். நஞ்சு போகவில்லை, உயிர்களுக்குள் குடிபெயர்ந்திருந்தது. எங்கே போனது என்ற கேள்வியைக் கடைசிவரை விடாமல் கேட்காவிட்டால், அளவீடு சரியாக இருந்தும் முடிவு தவறாகும்.

சுருக்கமாக: சிதையாத, கொழுப்பில் சேரும் பொருளுக்கு "கொஞ்சம்தான்" என்ற வாதம் செல்லாது. உணவுச் சங்கிலி அதைக் கூட்டிக்கொண்டே போகும்.

## பச்சை நிறமான பாதி ஏரி

நஞ்சு மட்டும்தான் மாசு என்றில்லை. ஊட்டமும் அளவு மீறினால் மாசுதான். பல ஏரிகள் பச்சைக் கூழாக மாறி, மீன்கள் செத்து மிதக்கும்போது "யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்" என்பார்கள். பல நேரங்களில் நடப்பது வேறு. கழிவுநீரும் உரமும் சேர்ந்து பாசி கட்டுக்கடங்காமல் பெருகும். அது மடிந்து அடியில் படியும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தித் தீர்த்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். இதற்கு மிகையூட்டம் என்று பெயர்.

1960களின் இறுதியில் வட அமெரிக்காவில் பெரும் விவாதம். பாசிக்குக் காரணம் எந்த ஊட்டம்? சோப்புத்தூளில் இருந்த பாஸ்பரஸ் என்றனர் ஒரு சாரார். சோப்புத் தொழிலின் பக்கம் நின்றவர்களோ கார்பன்தான் காரணம் என்றனர். குடுவைச் சோதனைகள் இரு தரப்புக்கும் இடம் கொடுத்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றேரிகள் உண்டு. அங்கே டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973இல் ஏரியையே சோதனைக் குடுவையாக்கியது. 226ஆம் எண் ஏரி, இடை ஒடுங்கிய உடுக்கை வடிவில் இருந்தது. அந்த இடையில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ்.

அந்த ஆண்டே விடை வந்துவிட்டது. மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம், மறுபாதி பச்சை, நடுவே திரை கோடு போட்டாற்போல. பாஸ்பரஸ் விழுந்த பாதிதான் பச்சை. சோப்புத்தூளில் பாஸ்பரஸ் கொண்ட பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்திய சட்டங்களுக்கு அந்தப் படம் வலுவான சான்றாக நின்றது.

ஏன் பாஸ்பரஸ் மட்டும்? நூறு சட்டைக்குத் துணி இருக்கிறது, நூல் இருக்கிறது, பொத்தான் மட்டும் பத்துச் சட்டைக்குத்தான் இருக்கிறது என்று வையுங்கள். இன்னும் ஐம்பது மீட்டர் துணி கொண்டுவந்து கொட்டினாலும் பத்துச் சட்டைதான். ஒரு பெட்டிப் பொத்தான் கிடைத்தால் உற்பத்தி பாய்ந்து ஏறும். வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தி வைத்திருக்கும் அந்த ஒன்றுக்குக் கட்டுப்படுத்தும் காரணி என்று பெயர். அந்த ஏரியில் பொத்தானாக இருந்தது பாஸ்பரஸ். கடலோரம் பல இடங்களில் நைட்ரஜன் அந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே "எதைக் குறைத்தால் பலன் கிடைக்கும்?" என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. இடத்தைப் பார்த்து, அளந்து, ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். மற்றதெல்லாம் சமமாக வைத்து, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்துப் பார்த்தார்களே, அந்த நேர்மையான ஒப்பீட்டை மாணவர்கள் இந்தப் பாடத்தின் எல்லாச் செய்திகளிலும் தேடிப் பழக வேண்டும்.

## நேர்மறை என்றால் நல்லது என்று பொருளல்ல

பின்னூட்டம் என்ற சொல்லைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஒரு மாற்றத்தின் விளைவு, திரும்பி வந்து அதே மாற்றத்தைப் பாதிப்பது பின்னூட்டம். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் காதைப் பிளக்கும் ஊளை எழுகிறதே, அது நேர்மறைப் பின்னூட்டம். மாற்றம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. உடல் சூடானால் வியர்த்து, வியர்வை உலர்ந்து உடல் குளிர்கிறதே, அது எதிர்மறைப் பின்னூட்டம். மாற்றம் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது.

புதிதாக விழுந்த பனி, தன்மீது படும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் 10 சதவீதத்தைக்கூடத் திருப்புவதில்லை. கடற்பனி உருகினால் கருநீர் வெளிப்படுகிறது, வெயிலை உறிஞ்சுகிறது, இன்னும் சூடாகிறது, இன்னும் பனி உருகுகிறது. இது நேர்மறைப் பின்னூட்டம், இதில் மகிழ ஒன்றுமில்லை. 'நேர்மறை' என்ற சொல்லைப் பார்த்து நற்செய்தி என்று எழுதிய விடைத்தாள்களைப் பார்த்த ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள்.

## ஓசோன் ஓட்டை வழியாகச் சூடு வருகிறதா?

"ஓசோனில் ஓட்டை விழுந்ததால் வெயில் உள்ளே புகுந்து பூமி சூடாகிறது." இப்படி நம்புபவர்கள் பலர் உண்டு. இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. அதில் பெரும்பகுதி தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து, வெயிலோடு வரும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அது குறைந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும். புவி வெப்பமடைவதோ, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பம் கரியமில வாயு போன்றவற்றால் தடைபடுவதால். ஒன்றில் உள்ளே வரக்கூடாதது வருகிறது. மற்றொன்றில் வெளியே போக வேண்டியது தங்குகிறது. இதே ஓசோன் தரைமட்டத்தில் உருவானால் நுரையீரலை அரிக்கும் மாசு. இடம் மாறினால் காவலன் பகைவனாகிறான்.

குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் எதோடும் வினைபுரியாதவை, ஆகவே தீங்கற்றவை என்று புகழப்பட்டன. வினைபுரியாததால்தான் அவை பல பத்தாண்டுகள் அழியாமல் தங்கி, மேலே ஏறி, புற ஊதாக் கதிரால் உடைந்து குளோரினை விடுவித்தன. ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரௌலண்டும் 1974இல் இதைக் கணித்தார்கள். 1985இல் அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாக மெலிந்திருப்பதை ஜோ ஃபார்மன் குழுவினர் வெளியிட்டார்கள். 1987இல், இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. உலக நாடுகள் அனைத்தும் பின்னர் அதை ஏற்றன. ஓசோன் இப்போது மெல்ல மீள்கிறது. குழாயை ஏறத்தாழ முழுவதும் அடைத்த பிறகும், அன்டார்க்டிகாவில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு காலம்? விடுதிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். தங்கும் காலம் நீளம்.

இந்தக் கதையை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். அழிவுச் செய்திகளை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு, ஒரு கேட்டைக் கணித்து, அளந்து, தடுத்தும் காட்டிய வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

## அறிவியல் எதுவரை சொல்லும்?

துணிப்பையா, பிளாஸ்டிக் பையா? டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பைகள் உருவாவதிலிருந்து கழிவாவதுவரை கணக்கிட்டது. இப்படிப் பிறப்பிலிருந்து இறுதிவரை பார்ப்பதற்கு வாழ்சுழற்சி மதிப்பீடு என்று பெயர். புவி வெப்பக் கணக்கில் மட்டும் பார்த்தால், சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பையை வெல்லும் என்றது. பருத்தி விளைய நீர், உரம், எரிபொருள் எல்லாம் வேண்டுமே. அதே ஆய்வில், சிதறிக் கடலில் சேரும் பிளாஸ்டிக்கின் தீங்கு கணக்கில் இல்லை.

ஆக, "எது நல்லது?" என்பதற்கு முன் "எந்தக் கணக்கில்?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் எண் என்ன என்று அறிவியல் சொல்லும். காலநிலையா, கடலா, எதற்கு முதலிடம் என்பது நம் மதிப்பீடு. ஒரு திட்டத்தால் யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருடைய கிணறு கெடுகிறது என்பதும் அப்படியே. எண் எங்கே முடிகிறது, விருப்பம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவர், தன்னோடு உடன்படாதவரிடமும் பொறுமையாகப் பேசுவார்.

## தொடங்க ஒரு தொட்டி போதும்

இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்தால் ஒட்டாது. ஒரு வாளியில் ஈர இலைகளையும் காய்கறித் தோல்களையும் எடைபோட்டு நிரப்புங்கள். அடியில் துளையிட்டு, வடியும் நீரைப் பிடித்து அதையும் எடைபோடுங்கள். வாரம் ஒருமுறை கிளறி, எடை பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். உள்ளே கை நீட்டினால் வெதுவெதுப்பு தெரியும். சில வாரங்களில் குவியல் அமிழ்ந்து, இலை எது, தோல் எது என்று தெரியாமல் கருமண்ணாகும்.

இரண்டு மாதம் கழித்து எடைபோட்டால், போட்டதில் பாதிகூட இருக்காது. யாரும் எடுக்கவில்லை. வடிந்த நீரைக் கூட்டினாலும் கணக்கு நேராகாது. நோட்டில் இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு பெரிய வித்தியாசம் நிற்கும். அந்த வித்தியாசத்துக்கு எதிரே "எங்கே போனது?" என்று எழுதிவிட்டு, விடைக்கான இடத்தை மாணவருக்கே விட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தியின் மேல் கரண்டி பிடித்தவர் என்றால், அதிக நேரம் யோசிக்க மாட்டார்.